பூஜ்யத்தால் பெருக்கிய கரடி

“குராமொச்சி-சான், இந்தப் பக்கத்துல கூட்டல் தப்பா வருது.”

“எந்தப் பக்கம்?”

“கரடி.”

பிரிவுத் தலைவர் குராமொச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ஜப்பானில் ஒரு மலையடிவார ஊராட்சியின் இணையதளம். இந்த மாதம் எந்தெந்தப் பகுதியில் எத்தனை முறை கரடி தென்பட்டது என்று ஓர் அறிக்கை. மேட்டுத்தெரு நாலு. ஆற்றங்கரை ஆறு. பழைய ரயிலடி ஏழு. அடியில், மொத்தம் பூஜ்யம்.

“சரியாத்தானே இருக்கு” என்றார்.

சிஹோ அந்தத் தளத்தைப் புதுப்பித்துக் கொடுக்கப் பட்டணத்திலிருந்து வந்த புரோகிராமர். அவளுக்குத் தலை சுற்றியது.

“நாலும் ஆறும் ஏழும் சேர்ந்தா பதினேழு வரணுமே.”

“வேற ஊர்ல வரும்.”

“உள்ள போய்ப் பார்த்தேன். புரோகிராம் எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து, ஒழுங்கா கூட்டி, கடைசியில பூஜ்யத்தால பெருக்குது.”

“ஆமாம். நான்தான் பெருக்கச் சொன்னேன்.”

“அப்ப எதுக்குக் கூட்டணும்?”

“கூட்டாம எப்படிம்மா மொத்தம் போடறது?”

அதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. “கரடியா? எவ்வளவு பெரிசு? சரி, இதோ வரேன்” என்றார். ஒரு தடிகூட எடுத்துக்கொள்ளாமல், செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

சிஹோவுக்கு விஷயம் புரிந்துபோனது. இலைகள் சிவக்கும் பருவம். வெந்நீர் ஊற்று விடுதிகளில் ஓர் அறைகூடக் காலி இல்லை. வியாபாரம் கெட்டுவிடக் கூடாதென்று மனுஷன் கரடியை அமுக்குகிறார். நாளைக்கே ஒரு குழந்தையை அது அடித்துப் போட்டால் யார் பதில் சொல்வது?

பெருக்கலை எடுத்துவிட்டாள். திரையில் பளிச்சென்று பதினேழு வந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மொத்தம் பத்தைத் தாண்டினால் மாகாண அலுவலகத்துக்குத் தானாகவே தகவல் பறக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலத்துக்குள் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு வேனில் வந்து இறங்கினார்கள். விடுதிக்குப் போகும் சாலையில் கயிறு கட்டினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு, சத்தம் கேட்டுக் கரடி விலகிப் போகட்டுமென்று பிள்ளைகளை மணியடிக்கச் சொல்லி வரிசையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரோ கொடியில் காயப்போட்டிருந்த பழுப்புக் கம்பளியை வெகுநேரம் குறிபார்த்துக்கொண்டு நின்றார்கள். வேட்டைக்காரர்களின் தலைவர் அலுவலகத்துக்கு வந்து, இடுப்பு வளையக் கும்பிட்டு, “பதினேழு கரடிகளும் இப்ப எங்க இருக்கு?” என்று பணிவாகக் கேட்டார்.

குராமொச்சி திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

“கரடின்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா.”

“அப்ப இந்தப் பதினேழு?”

“கூப்பிடறவங்க எல்லாம் வயசானவங்க. பசங்க டோக்கியோவுக்குப் போயாச்சு. சும்மா வாங்கன்னு கூப்பிடக் கூச்சம். கரடி வந்திருக்குன்னு சொல்லுவாங்க. நான் போய் உட்கார்ந்து, போடறதைச் சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசினா கரடி போயிடும்.”

“அதை எதுக்கு அறிக்கையில போடறீங்க?”

“போடலேன்னா அவங்க பொய் சொன்னதா ஆயிடும். கூட்டினா துப்பாக்கி வந்துடும். அதான் வரிசையில வரவு வெச்சுட்டு, மொத்தத்துல மட்டும் கழுவி விட்டுடறது.”

சிஹோ தலை கவிழ்ந்தபடி போய்ப் பூஜ்யத்தைத் திரும்பப் போட்டாள். குராமொச்சி மாகாண அலுவலகத்துக்குப் போன் செய்து, கூட்டலில் பிழை, மன்னிக்கணும், எல்லாம் என் கவனக்குறைவு என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது இன்னொரு போன் வந்தது. சிஹோதான் எடுத்தாள். பழைய ரயிலடியிலிருந்து இசொகாய். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“கரடி. வாசல்லயே நிக்குது. உடனே வரச் சொல்லு.”

“நான் போகட்டுமா?” என்று அவள் குராமொச்சியிடம் ஜாடையில் கேட்டாள். பாவம், ஒரு கிழவரையாவது காக்கவைக்காமல் இருப்போமே என்றிருந்தது. அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “போ. வயிறாரச் சாப்பிடு. கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் வேணும் அவங்களுக்கு” என்றார்.

இசொகாய் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

“அவர் வரலையா?”

“வேலையா இருக்கார். நான் வந்திருக்கேனே. உங்களோட பேசிட்டுப் போகலாம்னு.”

“என்னோடயா? எனக்குச் சீட்டாட்டத்துக்கு நேரமாச்சு. அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க.”

உள்ளே குட்டை மேஜையில் சுட்ட மீன், காளான் போட்ட மிசோ சூப், குவித்து வைத்த சோறு. எல்லாம் ஒரே ஓர் ஆளுக்கு.

“நீங்க சாப்பிடலையா, இசொகாய்-சான்?”

“நான் எப்பவோ சாப்பிட்டாச்சு.” கிழவர் தட்டால் சோற்றை மூடினார். “இதை ஆறறதுக்குள்ள அவர்கிட்ட கொண்டுபோய்க் குடு. என்ன சொல்லிக் குடுப்பியோ, எனக்குத் தெரியாது. பொண்டாட்டி போனதுலேர்ந்து அந்த மனுஷன் அடுப்புப் பத்த வைக்கறதில்ல. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா கௌரவம் பார்ப்பார். கரடின்னா ஓடி வருவார். அதான் ஊரே முறை வெச்சுக் கரடி பாக்கறோம். இன்னிக்கு என் முறை.”