ஆறாவது கேள்வி

மாலை நான்கு ஐம்பத்து மூன்று. பேராசிரியர் குடையைக் கையில் எடுத்திருந்தார்.

“மறுபடியும் நீயா?”

“ஆமா சார்.”

மருந்தியல் தாள். அந்தக் கல்லூரியில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது அதுதான். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். முதல் தடவை அந்த மாணவி முப்பத்தெட்டு வாங்கிவிட்டு இதே மேசைக்கு முன்னால் அழுதாள். இரண்டாம் தடவை நாற்பத்தாறு, சண்டை போட்டாள். மூன்றாவது முடிவை நேற்று பலகையில் ஒட்டினார்கள். மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுக்க இன்று ஐந்து மணி வரைதான் நேரம்.

வார்டிலிருந்து நேரே வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அறைத்தோழி படிக்கட்டில் மறித்து, முடிவு வந்தாயிற்று, இனி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று கெஞ்சிப் பார்த்தாள். நேற்று போனில் மதிப்பெண்ணைச் சொன்னதும் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பேராசிரியர் அறிவுரையைத் தொடங்கினார். நூற்றெண்பது தாள் திருத்தியிருக்கிறாராம். ஒவ்வொருவருக்கும் தன் தாள்தான் பெரிதாம். மதிப்பெண் என்ன, பேரம் பேசி வாங்குகிற சாமானா என்று கேட்டார். அவள் உட்காரவில்லை.

“நாலாவது தடவை எழுதும்மா. அதுலயும் போச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். ரூல் அப்படி.”

“ரூல் தெரியும் சார். பேப்பரை எடுங்க.”

“மறுபடி திருத்தினா மார்க் குறையவும் செய்யும்.”

“தெரியும்.”

“இந்தப் பிடிவாதத்தைப் படிப்புல காட்டியிருந்தா...”

“காட்டினேன் சார். எடுங்க.”

குடையை மாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தார். தேர்வு எண்ணைக் கேட்டார், சொன்னாள். கட்டிலிருந்து தாளை உருவி முதல் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஐம்பத்திரண்டு. நீ பாஸும்மா.”

அவள் தாளைத் திருப்பி, பக்கத்தைப் புரட்டி, ஓரிடத்தில் விரல் வைத்தாள்.

“ஆறாவது கேள்வி. ரெண்டு வயசுக் குழந்தைக்கு மருந்து அளவு. பத்து மடங்கு எழுதியிருக்கேன். அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க.”

அவர் படித்தார். சிவப்பு மையில் இருந்தது அவருடைய கையெழுத்துதான்.

“பாஸ்னு வந்ததும் எழுதினது சரின்னு நம்பி, இன்னிக்குக் காலையில வார்டுல அதே அளவை சிரிஞ்சுல இழுத்துட்டேன். போடறதுக்குள்ள நர்ஸக்கா கையைப் பிடிச்சாங்க.”

மனுவை நீட்டினாள்.

“அஞ்சைக் கழிச்சிடுங்க சார். நாலாவது தடவை நான் எழுதிக்கிறேன். மத்த நூத்தி எழுபத்தொன்பது பேர்ல, இதையே எழுதிப் பாஸானவங்க எத்தனை பேர்?”