ஆறாவது நரம்பு

"மறுபடியும் அறுத்துட்டுப் போயிருச்சுங்க."

முத்துவீரன் கடைப் பலகையில் கைகளை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ஞானசெல்வி நிமிராமலே தூண்டில் நரம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். ஐந்து மாதமாக, மாதத்தின் முதல் சந்தைக்கிழமை தவறாமல், அவர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறி இதைச் சொல்லத்தான் தேனிக்கு வருகிறார்.

"எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"கட்லாவா இருக்கணும். பத்துப் பன்னெண்டு கிலோ சொல்லலாம். தோணிக்குப் பின்னால நரம்ப விட்டு இழுத்துட்டே போறேன், வெடுக்குனு ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான்."

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாள் விடவில்லை. "ஏத்தா செல்வி, ஒன் மீன்காரரு அஞ்சு மாசமா வைகை அணைக்குப் போறாரு. கொழம்புக்கு ஒரு வாலு கண்டமா?"

"வாலையும் சேத்துல்ல மீனு கொண்டு போயிருது, ஆத்தா!"

ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இறந்த ஆறு வருடத்தில் அவளுக்கு மிஞ்சியது கயிறும் வலையும் தூண்டிலும் விற்கிற இந்தக் கடையும், அதன் பின்னால் இருக்கும் ஓர் அறையும்தான். நாற்பத்தொரு வயதில், தன் சிரிப்புச் சத்தமே அவளுக்கு யாரோ அடுத்த வீட்டுக்காரியுடையது போல் கேட்டது.

"அந்தப் பொஸ்தகத்தக் காட்டுங்க," என்றார் அவர். ஒவ்வொரு மாதமும் கேட்பதுதான்.

மலை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டு விலைப்பட்டியல் அது. ஒரு படகின் ஓரத்தில் சின்ன மோட்டார், அதில் ஒரு சக்கரம், சக்கரத்திலிருந்து தொங்கும் ஈயக்குண்டு.

"பொத்தான அமுக்குனா குண்டு நரம்பையும் கூட்டிக்கிட்டு எத்தன அடி வேணுமோ அத்தன அடி எறங்கும். மறுபடி அமுக்குனா ஏறும். எல்லாம் கரண்டு." அவள் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நம்மூருலயா? கரண்டு போச்சுன்னா குண்டு பாதித் தண்ணியில தொங்கும். மீனு வந்து, என்னய்யா ஆச்சுன்னு கேக்கும்."

சிரித்துக்கொண்டே அவள் கேட்டாள். "இந்தத் தடவ எத்தன ஆள் ஆழத்துல விட்டீக?"

அவர் தெருவைப் பார்த்தார். "ஆழந்தாங்க. நல்ல ஆழம்."

பலகைமேல் இருந்த அவருடைய நகக்கண்களில் நீலம் படிந்திருந்தது. அணைத் தண்ணீர்ப் பாசி இப்படியும் ஒட்டுமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் தடவை அவள் நல்ல நரம்புதான் கொடுத்தாள். அது அறுந்துவிட்டதென்று அவர் மறுமாதம் வந்து நின்றபோது தன் மனசு துள்ளியதை அவளால் மறைக்க முடிந்தது, மறக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சாமானைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் அவள் முகத்தைப் பார்த்து, "சாப்டாச்சாங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவள் கை தானாக முன்வரிசைக்குப் போனது. இரண்டு வருடமாகக் கண்ணாடிக்குள் வெயில் குடித்த நைலான் நரம்பு அது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சுண்டினால் இற்றுவிடும். அன்றிலிருந்து நான்கு தடவையும் அதையே கொடுத்தாள்.

இன்றும் அவள் விரல் அதன்மேல்தான் இருந்தது.

"எனக்கு ராசி இல்லீங்க," என்றார் அவர், சிரித்தபடியே. "வீட்ல அவ போன பெறகு எதுவும் கையில நிக்க மாட்டேங்குது."

விரல் நின்றுவிட்டது. தன் தனிமைக்காக இன்னொருவரின் கையிலிருந்து நான்கு மாதமாக மீனைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நல்ல நரம்பு கொடுத்தால் மீன் கிடைத்துவிடும். பிறகு அவர் எதற்கு வரப்போகிறார்? அடுத்த சந்தைக்கிழமையும் மற்ற கிழமைகளைப்போல ஆகிவிடும்.

அவள் உள்ளே போய், பிரிக்காத புது உருளை ஒன்றை எடுத்துவந்து பலகைமேல் வைத்தாள்.

"இது இருவது கிலோ தாங்கும். அறுந்து போகாது."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அறுந்தே போகாதா?"

"போகாது. இதுக்கு முந்தி நாலு தடவ குடுத்தது வெயில்ல நைஞ்ச நரம்பு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

மூக்கம்மாளின் கை பூவோடு நின்றது.

"எதுக்குங்க?"

"அறுந்தாத்தான வருவீக."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவள் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசட்டும், எல்லாரும் கேட்கும்படி ஏசிவிட்டுப் போகட்டும்.

அவர் ஏசவில்லை. அந்த உருளையை மெதுவாக அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். அவர் விரல்கள் இப்போது அவள் கண்ணுக்குக் கிட்டத்தில் இருந்தன. நரம்பு அறுத்த தழும்பு ஒன்றுகூட அவற்றில் இல்லை. நகக்கண்ணில் இருந்தது பாசியும் இல்லை. திராட்சைக் கொடிக்கு மருந்தாக அடிக்கிற மயில்துத்தம்.

அவள் நிமிர்ந்தாள். அவர் இந்த முறை தெருவைப் பார்க்கவில்லை.

"நான் தோணியில ஏறுனதே இல்லீங்க."