நகம் மாட்டாத கீறல்

கார்க் கதவில் விழுந்திருந்த கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். மாட்டவில்லை. நகம் மாட்டாத கீறலென்றால் கையால் தேய்த்தே எடுத்துவிடலாம். மாட்டினால் பெயிண்ட் கடைதான் கதி.

"இதுவும் பூனை வேலைதானா மேடம்?"

"ஆமா மாஸ்டர். எங்க தெருப் பூனைக்கு என் வண்டியப் பார்த்தாலே ஆகாது," என்றாள் அவள், ஷெட்டு நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடி.

"பூனை பானெட்ல நடக்கும். கதவுல எப்படி நடக்குது?"

"அதையே பிடிச்சுக் கேளுங்க."

மாதாமாதம் வருகிற கஸ்டமர். போன வருஷம் வரை ஒரே வீட்டிலிருந்த மனைவி. 'வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷனோட எப்படிக் காலம் தள்றது' என்று கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனவள். அந்தக் கேள்விக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.

'ஏங்க' என்று கூப்பிட்ட வாய், இப்போது ஊரோடு சேர்ந்து 'மாஸ்டர்' என்கிறது. பதிலுக்கு அவனும் 'மேடம்' போட்டுப் பார்த்தான். வலி குறையவில்லை. அந்தக் கீறலில் மட்டும் நகம் நன்றாகவே மாட்டியது.

"இன்னைக்கு நல்லா பண்ணிடுங்க. சாயங்காலம் வண்டியப் பார்க்க ஆள் வருது. வித்துட்டு அக்கா ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்."

துணி பிடித்த கை அப்படியே நின்றது. வண்டியே போய்விட்டால் அவள் எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாள்?

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "சாவி குடுங்க. வெயில்ல பாலிஷ் காம்பவுண்ட் காஞ்சிடும், உள்ள தள்ளி நிறுத்தணும்" என்பதுதான் வெளியே வந்தது.

சாவியின் பல்லில் வெள்ளையாகத் தூள். தன் கை வாக்ஸ்தான் ஒட்டிவிட்டதென்று சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியை நிழலுக்குள் நகர்த்தினான்.

காம்பவுண்ட் பசையைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தான். வேண்டுமென்றே மெதுவாக. பாழாய்ப்போன கீறல், இன்றைக்காவது கொஞ்சம் அடம் பிடித்தால் என்ன? பழகிய கை. மனசு பிடித்து இழுத்தும் கேட்காமல், அது பாட்டுக்குக் கீறலைக் கரைத்துக்கொண்டே போனது.

வாக்ஸ் போட்டுத் துடைத்ததும் கதவில் அவள் முகம் தெரிந்தது.

"போயிடுச்சு," என்றான்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

துணியை நாலாக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். "ரெண்டு நாளைக்குத் தண்ணி படாம பார்த்துக்குங்க."

அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியவில்லை. எழுந்து வந்து அவன் கையிலிருந்து சாவியை வாங்கினாள். கதவைத் திறக்கவில்லை. பளபளத்த அந்தக் கதவில் சாவி நுனியை வைத்து, நகம் மாட்டாத அளவுக்கு, மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஏங்க, கீறல் இன்னும் போகலையே."