முப்பதாயிரம் அடியில் பறவைகள்

ரேடார் திரையில் அந்தப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். நின்றுகொண்டேதான் இருந்தது.

முப்பதாயிரம் அடி உயரத்தில் எந்தப் போர் விமானமும் நிற்காது. நின்றால் விழும்.

வெளியே ராஜஸ்தான் வெயில். புள்ளிக்குச் சற்று அப்பால் நாட்டின் எல்லை.

மேலே பறக்கும் விமானிகளுக்குத் தரையிலிருந்து வழி சொல்வது அவள் வேலை. அந்த மதியம் மேலே இருந்தவன் மாசிலாமணி. திசை சொன்னாள். திரும்பினான்.

அவன் திருநெல்வேலிக்காரன். அவள் நாகர்கோவில். பெயர் ஜெசிந்தா.

மெஸ்ஸில் தூரத்திலிருந்து பார்த்ததுண்டு. மற்றபடி காதுக்குள் கேட்கும் குரலாகத்தான் அவனைத் தெரியும். ரேடியோவில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். அவன் ஆங்கிலத்தில் தாமிரபரணி ஓடும். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

தெரிகிறது என்றான், ஆங்கிலத்தில்.

பிறகு பேச்சில்லை.

என்ன தெரிகிறது என்று கேட்டாள். திரையில் அவன் விமானத்தின் புள்ளியும் அந்தப் புள்ளியும் நெருங்கின.

பின்னால் நின்ற கமாண்டர் பொறுமை இழந்தார். திரும்பி வரச் சொல், உடனே.

சொன்னாள். மறுபடி சொன்னாள்.

அப்போது காதுக்குள் தமிழ் கேட்டது.

"ஜெசிந்தா, திரும்பச் சொல்லாதீங்க. நான் வரல. இன்னும் கொஞ்சம் கிட்ட போய்ப் பாத்துக்கிடுதேன்."



"வந்துருங்க" என்றாள். அவளும் தமிழில்தான் சொன்னாள். அதிகாரக் குரலில் சொல்ல வரவில்லை.

புள்ளிகள் ஒன்றை ஒன்று ஒட்டின. பிறகு ஒன்று இல்லை. ஏறவில்லை, இறங்கவில்லை. இல்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது எது என்று தெரியும்வரை அவள் மூச்சு விடவில்லை.

"வாரேன்" என்றான்.

*

டெல்லியிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். டீ வரவழைத்து அவளை உட்காரச் சொன்னார்கள்.

அவனை ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். கண்ணைச் சோதித்து, ரத்தத்தைச் சோதித்து, மனநல டாக்டரையும் பேசவைத்தாகிவிட்டது. ரேடியோவில் என்ன சொன்னோம் என்று ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தான்.

ஒலிநாடாவைப் போட்டார்கள். அவன் குரல் அந்த அறையில் வேறு மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையின் குரல்போல.

உங்கள் மொழியில் என்ன சொல்கிறார்?

உள்ளது உள்ளபடி சொன்னால், எல்லைக்குப் பக்கத்தில் உத்தரவை மீறியவன். இனிமேல் அவன் எந்த விமானத்திலும் ஏற முடியாது.

"இப்போது திருப்பினால் மோதிவிடுவேன், கொஞ்சம் பொறுங்கள் என்கிறார், சார்."

நீங்கள் சொன்னது?

"கவனம் என்றேன்."

எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் கதவுப் பக்கம் பார்த்து, இங்கே வேறு தமிழர் யாராவது உண்டா என்று கேட்டார்.

தணிகாசலத்தைக் கூட்டிவந்தார்கள். வாரண்ட் ஆபீசர், அரக்கோணத்துக்காரர். பொம்பளைப் பிள்ளைகளை விமானப்படையில் சேர்த்ததே தப்பு என்று அவள் காதுபடச் சொன்னவர்.

நாடா மறுபடி ஓடியது. திரும்பச் சொல்லாதீங்க. நான் வரல.

தணிகாசலம் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

அவள் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

அவள் சொன்ன அர்த்தத்தை அவருக்குப் படித்துக் காட்டினார்கள்.

"சரிதான் சார்" என்றார் தணிகாசலம். "மேடம் சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

வெளியே வந்தபின் நன்றி சொல்ல அவரைத் தேடிப் போய் நின்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தாளு இடத்துல நான் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேம்மா" என்றார்.

*

அரசாங்கத்தின் முடிவு வந்தது. திரையில் தெரிந்தது பறவைக் கூட்டம்.

விமானி மோதாமல் தப்பியது பாராட்டத்தக்கது. இதைப்பற்றி யாரும் யாரிடமும் பேசக்கூடாது.

அவனைக் கிழக்கே மாற்றினார்கள்.

கிளம்பும் நாளில் ரேடார் அறை வாசலுக்கு வந்தான். பக்கத்தில் பார்த்தால் காதோரம் ஒன்றிரண்டு நரை. அவள் நினைத்ததைவிடக் குள்ளம்.

"என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். கேட்கக்கூடாது. கேட்டாள்.

அவன் சொல்லத் தொடங்கினான். அவனை ஏற்றிப்போக வந்த லாரி ஹாரன் அடித்தது.

"பெரிசு. ரொம்பப் பெரிசு. நான் கிட்ட போனதும் லேசா நகந்துக்கிட்டு. பஸ்ல நமக்கு இடம் விட்டுத் தள்ளி உக்காருவாங்கள்லா, அப்படி."

மறுபடி ஹாரன்.

அதற்குப் பிறகு அவன் சொல்லிவிட்டுப் போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசிவரை பறந்தான், ஓய்வு பெற்றான் என்று கேள்விப்பட்டாள். மறுபடி பார்க்கவில்லை. அவளும் எத்தனையோ விமானிகளுக்கு வழி சொன்னாள். எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

இப்போது நாகர்கோவிலில் இருக்கிறாள். மகள் ஒரு கல்லூரியில் ஆசிரியை. போன வாரம் ஒரு டிவி சேனலிலிருந்து போனில் பேசினார்கள். அந்தக் காலத்துச் சம்பவங்களைத் தேடுகிறார்களாம். இளம்பெண்ணின் குரல், ஆர்வமாக இருந்தது.

"அது பறவைதானா மேடம்?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அவருக்கு அவ்வளவு பக்கத்துல அது நின்னப்போ, திரையில பாத்துட்டு இருந்த உங்களுக்குப் பயமா இல்லையா?"



"பயம் இல்லம்மா" என்றாள். "பொறாமையா இருந்துச்சு."