செவலைக் கோழி வைத்த தேர்வுகள்

தன் முட்டை படிப்பில் பின்தங்கிவிடக் கூடாதே என்று செவலைக் கோழிக்கு ஒரே கவலை. கால் மணிக்கொரு தரம் ஓடி வந்து, முட்டையைத் தட்டிப் பார்த்து வளரறித் தேர்வு வைத்தது. மத்தியானம் உருட்டிப் பார்த்துத் திருப்புதல் தேர்வு. சாயங்காலம் பக்கத்து வாத்தின் முட்டையோடு சேர்த்து ரேங்க் வேறு போட்டது.

"அடை எப்போடி காக்கப் போறே?" என்றது வாத்து.

"தேர்வெல்லாம் முடியட்டும் அக்கா. எனக்கு உட்கார நேரமேது?"

மூன்றாம் வாரம் முட்டைக்குள்ளிருந்து நடுங்கும் குரல் கேட்டது. "அம்மா, குளிருது. கொஞ்சம் உட்காரேன்."

செவலைக்குத் தலைகால் புரியவில்லை. "வாத்தக்கா! என் பிள்ளை வாய்மொழித் தேர்வுல பாஸ்!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடியது.