பக்கத்து எலை ஜாங்கிரி

“எங்களுது தான் வேகம். இதுல இன்னா சந்தேகம் முனியண்ணா?” கலைச்செல்வன் சட்டைக் கைய மடிச்சு வுட்டான். “கனடா ஜெட்டு கெளம்பிச்சின்னா, அமெரிக்கா ஜெட்டு அதோட பொகைய மோந்துக்கினு தான் பின்னாடி வரணும்.”

கேள்வியக் கேட்ட முனியன் நெல்லு அறுக்குற மிஷின் ஓட்டறவரு. எலையில தண்ணி தெளிச்சிக்கினே கலைச்செல்வனுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு. அந்தப் பக்கம் அமெரிக்கா உக்காந்திருந்தது. பேரு சிவகுமார்.

உத்திரமேரூர் மண்டபத்துல தண்டபாணி வூட்டு காதுகுத்து. மொதப் பந்தி. கலைச்செல்வனுக்கு ஊரு காவாந்தண்டலம், சிவகுமாருக்கு ராஜகுளம். ரெண்டு பேரும் பெரிய மொதலாளிங்க சொந்தமா வெச்சிருக்கிற ஜெட்டு ஓட்டற பைலட்டுங்க. கலைச்செல்வன் ஓட்டறது கனடாவுல செஞ்ச ஜெட்டு, சிவகுமார் ஓட்டறது அமெரிக்காவுல செஞ்சது. இவங்க ஒரே பந்தியில உக்காந்துட்டா கச்சேரிக்குன்னு தனியா ஆள் புடிக்க வேணாம்.

“அது பொகை இல்லண்ணா,” சிவகுமார் சொன்னான். “இவன் வாயிலருந்து வர்ற காத்து.”

“டேய், எங்க ஆளுங்க புதுசா ஒன்னு வுடப் போறாங்கடா. சத்தத்தையே முந்திக்கினு போவுமாம்.”

“யாரு பாத்தா?”

“பேசிக்கிறாங்க.”

“அப்ப பேச்சு தான் முந்திக்கினு போவுது. ஜெட்டு இன்னும் பேப்பர்ல தான் கீது.”

“எங்க மிஷின் டிரைவருங்களே தேவலடா சாமி!” முனியன் சிரிச்சாரு. பந்தியும் சிரிச்சுது.

கலைச்செல்வனும் சிரிச்சான். உள்ளுக்குள்ள தான் சிரிப்பு வரல.

அவன் ஜெட்டத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. சுகர். மெடிக்கல்ல நிறுத்திட்டாங்க. நாளான்னிக்கு மறு டெஸ்டு. தேறினா சீட்டு அவனுது. தேறலன்னா கம்பெனி வேற ஆளப் போட்டுடும். இப்பவே தேடிக்கினு இருக்காங்கன்னு காதுல விழுந்திருந்தது. ஊர்ல லீவுன்னு சொல்லி வெச்சிருந்தான். பொண்டாட்டி இளவரசியத் தவிர வேற யாருக்கும் தெரியாது.

அந்த நேரம் பாத்து தண்டபாணி தட்டு நிறைய ஜாங்கிரியோட வந்தாரு.

எங்க ஊர்ப் பக்கம் பந்தியில இனிப்ப வாணாம்னு சொல்லிட முடியாது. “இன்னா, சுகரா?”ன்னு கேக்குற கேள்வி கடைசி எலை வரிக்கும் கேக்கும். கை கழுவறதுக்குள்ள சேதி வாலாஜாபாத் போய்ச் சேந்துடும்.

“வைங்கண்ணா,” கலைச்செல்வன் சொல்லிட்டான். ஒரு துண்டு தானே, மானம் பெருசுன்னு எலையில வெச்ச ஜாங்கிரிக்கு கைய நீட்டினான்.

பக்கத்துலருந்து ஒரு கை வந்தது. ஜாங்கிரியக் காணோம்.

“உன் இஞ்சினுக்கு இவ்ளோ லோடு தாங்காதுடா,” சிவகுமார் வாய் நிறைய மென்னுக்கினே சொன்னான்.

பந்தியே திரும்பிப் பாத்துது. அடுத்தவன் எலையில கை வெக்கறதா?

“இன்னாப்பா இது? கேட்டா நான் வெக்க மாட்டனா?” தண்டபாணிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கலைச்செல்வன் எலையில இன்னொன்னு வெச்சாரு.

அதுவும் போச்சு.

கப்புல பாயசம் வந்தது. கலைச்செல்வன் தொடறதுக்குள்ள சிவகுமார் எடுத்து ஒரே மொடக்குல குடிச்சிட்டு கப்ப நசுக்கிக் கீழ போட்டான்.

“லட்ச லட்சமா சம்பாரிச்சு இன்னா பிரயோஜனம்? அல்பத்தனம் போவுதா பாரு,” முனியன் சத்தமாவே சொன்னாரு. நாலு பேரு தலையாட்டினாங்க.

கலைச்செல்வனுக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்தது. ஆனா ஊரு பாத்துக்கினு இருக்கே. ரோஷம் காட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?

“த்தூ, அலைஞ்சான் பையா!”ன்னு சொல்லிட்டு மோர் சோறு கூட சாப்டாம எழுந்து போயிட்டான்.

கை கழுவுற எடத்துல சிவகுமார் பொண்டாட்டி அம்சா நின்னுக்கினு இருந்தா.

“இன்னாம்மா அம்சா, வூட்ல அவனுக்கு சோறு போடறியா இல்லியா? பந்தியில மரியாதயக் கெடுத்துட்டான்.”

“பாத்தேண்ணா. எனக்கே பேஜாரா போச்சு.” அம்சா துண்ட எடுத்துக் குடுத்தா. “இனிப்பக் கண்டாலே கொமட்டும் அவருக்கு. கல்யாணத்தன்னிக்கு பாலும் பழமும் குடுத்ததுக்கே மூஞ்சிய சுளிச்ச ஆளு.”

“அப்புறம் எதுக்கு என் எலையில…”

அம்சா சுத்தியும் ஒரு தரம் பாத்துட்டு கொரல எறக்கினா.

“போன மாசம் உங்க கம்பெனிலருந்து இவருக்கு போன் வந்ததுண்ணா. உங்களுக்கு சுகரு, டெஸ்டு பாக்கின்னு சொல்லி, உங்க சீட்டுல இவர உக்கார கூப்ட்டாங்க. கனடா ஜெட்டு ஓட்ட அவங்க செலவுலயே டிரெயினிங்காம், சம்பளமும் கூடவாம்.”

கலைச்செல்வன் கொழாய மூட மறந்து நின்னான்.

“‘அந்த டப்பாவ மனுசன் ஓட்டுவானா? அதுக்குன்னே ஒரு கிறுக்கன் கீறான், டெஸ்டு முடிச்சிட்டு வருவான், அது வரிக்கும் பொறுங்க’ன்னு சொல்லிட்டு போன வெச்சிட்டாருண்ணா.”

மண்டபத்து வாசல்லருந்து சிவகுமார் கத்தினான். “டேய் கனடா! தாம்பூலப் பையில லட்டு போட்டுத் தர்றாங்கடா! உன்னுதையும் வாங்கி எங்கிட்ட குடுத்துட்டுப் போ!”

நாலு பேரு திரும்பி சிவகுமார மொறைச்சாங்க.

“வரேண்டா, அலைஞ்சான்!”ன்னு கலைச்செல்வன் அதை விட சத்தமா கத்திட்டு, மூஞ்சியில ஒரு கை தண்ணி அடிச்சிக்கினு போனான்.