பன்னிரண்டு கோடை

பட்டுப்புழு முட்டையை உறங்கவைக்கும் ஹார்மோனைத்தான் கோடை வெயிலுக்குத் தப்ப எங்களுக்கும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசியாகத் தருகிறார்கள். பங்குனி பிறந்ததும் படுத்தால் ஆடியில்தான் விழிப்பு. அந்த நான்கு மாதம் வயதும் ஏறாது. வேலூரில் யாரும் கோடையைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாகிறது.

இந்த ஆடியில் எழுந்ததும் என் மனைவி பூங்கோதை தயிர்சோறு போட்டாள். ஓரத்தில் மாவடு. கடித்ததுமே முழுப்பரீட்சை லீவும், தண்ணீர் தெளித்த மொட்டைமாடியின் சூட்டு வாசனையும் தொண்டைவரை வந்துவிட்டன.

“மாவடு வரும்போது ஊரே தூங்குதே. ஏது இது?”

“நான் போட்டது. வெயில் இல்லாம இருப்புக்கொள்ளலைங்க. என் ஊசி மருந்தைச் சாக்கடையில ஊத்திட்டேன்.”

“எத்தனை வருஷமா?”

அவள் வகிட்டு நரையைத் தொட்டுக் காட்டினாள்.

“பன்னெண்டு வருஷமும். உங்களைவிட நாலு வயசு சின்னவளா வந்தேன். இப்ப நாம ஒரே வயசு. அடுத்த ஆடியில நீங்க முழிக்கறப்ப நான் மூத்தவளா இருப்பேன்.”